வயது ஒரு விடையன்று

நம் இல்லங்களில் மிக எளிதாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. தாத்தா ஏன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேட்டால், ‘வயதாகிவிட்டது’. பாட்டி ஏன் யாரோடும் பேசுவதில்லை என்று கேட்டால், ‘வயதாகிவிட்டது’. வாசலில் படுத்திருக்கும் நாய் ஏன் எழுந்து வருவதில்லை என்று கேட்டாலும் அதே விடைதான். இச்சொல்லைக் கேட்டவுடன் வினவியவர் வாய் மூடிக்கொள்கிறார். சொன்னவரும் தம் கடமை முடிந்ததென எழுந்து போய்விடுகிறார். முதுமை ஓர் உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது எல்லா வினாக்களுக்கும் உரிய விடைதானா? இது குறித்து ஆழ்ந்து எண்ண நம்மைத் தூண்டியது வயது முதிர்ந்த ஒரு பூனை என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் உண்மை அதுவே.

நம் பங்கில் தனியே வாழும் கைம்பெண் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் அவருக்குத் துணை 13 வயதான ஒரு பெண் பூனை. மனிதக் கணக்கில் அது எழுபதை நெருங்கும் வயது. ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின் அவர் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார்.

“சாமி, எங்க வீட்டுப் பூனை முன்னைவிட ரெண்டு மடங்கு சாப்பிடுது. ஆனா நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போகுது. முதுகுல கை வச்சா எலும்புதான் தட்டுப்படுது. வயசாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. டாக்டர்கிட்ட காட்டலாமான்னு கேட்டா, அந்தக் காசுக்கு ஒரு ஏழைக்குச் சோறு போடலாமே அத்தைன்னு மருமக சொல்றா. பூனைக்குச் செலவு பண்றது பாவமா சாமி?”

அவருடைய கேள்வியில் இரண்டு வினாக்கள் அடங்கியிருந்தன. ஒன்று இறையியலைச் சார்ந்தது. மற்றொன்று மருத்துவத்தைச் சார்ந்தது. முந்தியதற்கு விடையளிப்பது நமது பணி.

பூனைக்குச் செலவிடலாமா?

1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள்; அவர் அவற்றைப் பராமரிக்கிறார்; ஆகவே மனிதர் அவற்றுக்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கே எதிரானவை. அதே பகுதியில் மறுபக்கமும் எடுத்துரைக்கப்படுகிறது. மனிதரின் துயர் துடைக்க முதற்கண் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது. மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை அவற்றின்மீது திருப்பிவிடலாகாது. எனவே அந்த மருமகளின் சொல்லைத் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. நாட்டில் பசித்திருப்போர் இருக்கும்போது வளர்ப்புப் பிராணிக்கு ஆடம்பரம் செய்வோர் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆயினும் நோயுற்ற ஓர் உயிரை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது ஆடம்பரமாகுமா? நம்மையே நம்பி நம் கூரையின்கீழ் முதுமை அடைந்த உயிர் அது. அது தானாக மருத்துவரைத் தேடிப் போக இயலாது. புனித தோமா அக்குவினா, விலங்குக்கு அழியாத ஆன்மா உண்டெனக் கற்பித்தவர் அல்லர். அவரே, விலங்குகளிடம் இரக்கம் கொள்ளப் பழகியவர் மனிதரிடம் இரக்கம் கொள்ள மேலும் ஆயத்தமாகிறார் என்று பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை விளக்குமிடத்தில் எழுதியுள்ளார். ஆக, இரக்கம் என்பது ஓரிடத்தில் செலவிட்டால் மற்றோரிடத்தில் குறைந்துபோகும் பணமன்று. பயன்படுத்தப் பயன்படுத்த உரம் பெறும் தசை.

இவ்விடத்தில் புனித பிலிப்பு நேரியை நினைவுகூர்வது பொருந்தும். விலங்குகளிடம் பரிவு காட்டிய புனிதர்களாக மறைக்கல்வி பெயர் குறிப்பிடும் இருவருள், அசிசி நகர் புனித பிரான்சிசுக்கு அடுத்தவர் இவர். 1583ஆம் ஆண்டு அவர் உரோமை நகரில் தாம் நெடுங்காலம் வாழ்ந்த இல்லத்தை விட்டு வேறோர் இல்லத்திற்குச் சென்றார். அவருடைய பூனை பழைய இல்லத்திலேயே தங்கிவிட்டது. அதற்கு உணவிட்டு வருமாறு நாள்தோறும் ஆள் அனுப்பினார். திரும்பி வந்தவரிடம், பெரிய மனிதர்கள் சூழ்ந்திருக்கும் வேளையிலும், பூனை எப்படி இருக்கிறது, நன்றாகச் சாப்பிட்டதா என்று விசாரிப்பாராம். தம் சீடர்களின் தற்பெருமையைக் கரைக்க அவர் கையாண்ட வழிகளுள் அதுவும் ஒன்று என்பர். ஆனால் நோயாளிகளையும் திருப்பயணிகளையும் தேடித் தேடிப் பணி செய்த அப்புனிதரின் வாயில் ‘சாப்பிட்டதா?’ என்ற கேள்வி வெறும் விளையாட்டாக மட்டும் இருந்திருக்காது என்பது நம் கருத்து.

“பாவமில்லை அம்மா, கொண்டுபோய்க் காட்டுங்கள்” என்று கூறி அனுப்பினோம்.

தின்றும் தேயும் உடல்

அரசு கால்நடை மருத்துவமனையின் மருத்துவர் பொறுமை மிக்கவர். பல ஆண்டுகளுக்கு முன் கருத்தடை அறுவை செய்தபோது மயக்க மருந்தின் அளவைக் கணிக்க எடை பார்த்து எழுதிய சீட்டை அந்த அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அன்று 4 கிலோ 200 கிராம். இன்று 2 கிலோ 900 கிராம். சிறிய உடலில் சிறிய எண்கள் நம்மை ஏமாற்றிவிடும். 4 கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோ எடையுள்ள மனிதர் 6 கிலோ இழப்பதற்கு ஒப்பாகும். இந்தப் பூனையோ தன் உடலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்திருந்தது. அடர்ந்த உரோமம் அதை மூடி மறைத்துவிட்டது.

மருந்து கொடுக்குமுன் நோய் இன்னதென்றும் அது எதனால் வந்ததென்றும் ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்குக் காட்டிய வழி. அந்த வழியில் நின்று பார்த்தால், முதிய பூனை காரணமின்றி இளைப்பதில்லை. காரணம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. அம்மருத்துவர் விளக்கியவற்றையும் பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் இங்கே தொகுத்துரைப்பது, பூனை வளர்க்கும் வாசகர்களுக்குப் பயன்படும்.

நிறையத் தின்றும் இளைக்கிறது, நிலைகொள்ளாமல் அலைகிறது, இரவில் உரக்கக் கத்துகிறது, நெஞ்சு படபடவென அடிக்கிறது என்றால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் அது புற்றுநோயன்று. தீங்கற்ற ஒரு வீக்கமே. ஆனால் அதன் சுரப்பு உடல் என்னும் அடுப்பில் ஓயாமல் விறகை ஏற்றிக்கொண்டே இருக்கும். பூனைகளுக்கு இந்நோய் வருவதை மருத்துவ உலகம் தெளிவாக விவரித்தது 1979ஆம் ஆண்டில்தான். அதே ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அசிசி நகர் புனிதரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார் என்பது தற்செயலான ஒற்றுமை. அதற்குமுன் இத்தகைய பூனைகளைப் பற்றி, ‘வயதாகிவிட்டது’ என்பதைத் தவிர மக்கள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது, சிறுநீர் மிகுதியாகக் கழிக்கிறது, உணவை முகர்ந்துவிட்டு விலகுகிறது என்றால் சிறுநீரகம் தளர்ந்திருக்கக்கூடும். முதிய பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் நோய்களுள் இது ஒன்று. சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்த பின்னரே வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அது வெளிப்படையாகத் தெரியவரும். அதுவரை எஞ்சியுள்ள கால் பங்கு முணுமுணுக்காமல் முழு வேலையையும் செய்துகொண்டிருக்கும். பசியும் தாகமும் சேர்ந்து மிகுந்து, உடல் மட்டும் மெலிந்தால் சர்க்கரை நோயையும் ஐயுற வேண்டும். பசி இருந்தும் தட்டருகே வந்து திரும்பிவிடும் பூனைக்குப் பல்லிலோ ஈறிலோ நோய் இருக்கலாம். இவை தவிர, குடலின் நாட்பட்ட அழற்சி, குடற்புழு, புற்றுநோய் ஆகியனவும் உண்டு. இவற்றுள் சில மருந்தால் கட்டுப்படும், சில கட்டுப்படா. எது எது என்பதைப் பரிசோதனையின்றி யாரும் சொல்ல இயலாது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பாற்கடலையே நக்கிக் குடித்துவிட முனைந்த பூனையைக் கம்பர் தம் அவையடக்கத்தில் உவமையாக்கியதாலோ என்னவோ, பூனைக்குப் பால்சோறே உணவென்று நாம் நம்பிவிட்டோம். உண்மையில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. பூனை பிறப்பிலேயே ஊன் உண்ணி. ஊனிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் கண்ணின் விழித்திரை பழுதாகும். இதயத் தசையும் தளரும். இதயம் தளர்வதற்கு இக்குறை காரணமாவதை 1987ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வெறும் தயிர்ச்சோற்றில் வளரும் பூனை வயிறு நிறைந்தும் வறுமையில் வாழ்கிறது.

மூன்று எச்சரிக்கைகளையும் மருத்துவர் கூறினார். காய்ச்சலுக்கு நாம் உட்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடலாம். இரண்டு மூன்று நாள் ஒன்றும் உண்ணாத பூனையை, குறிப்பாகப் பருத்த பூனையைக் ‘கிடக்கட்டும், பசித்தால் தின்னும்’ என்று விட்டுவிடலாகாது. அதன் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். புனித சூசையப்பர், புனித அந்தோணியார் சுரூபங்களின் கையில் நாம் காணும் லீலி மலர் பூனைக்குக் கொடிய நஞ்சு; அதன் மகரந்தத்தூளை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பீடத்திற்கு லீலி மலர் வாங்குவோர் எஞ்சியதை வீட்டிற்கு எடுத்துச் செல்லும்போது இதை நினைவில் கொள்க.

அந்த அம்மாவின் பூனைக்கு வந்திருந்தது முதலில் சொன்ன தைராய்டு நோயே. கழுத்தில் சிறு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது; நகரத்திலிருந்து வந்த இரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. மனிதர்க்கும் தரப்படும் கார்பிமசோல் மாத்திரையைப் பூனைக்கேற்ற அளவில் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: “இந்த நோய் சிறுநீரகத்திற்கு இரத்த ஓட்டத்தை அதிகமாக்கி அதன் பலவீனத்தை மறைத்து வைத்திருக்கும். இது அடங்கியபின் அது வெளியே வரலாம். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை எடை பாருங்கள்.” ஒரு நோயின் பரபரப்பு மற்றொரு நோயின் சோர்வை மறைத்து நிற்கும் என்பதைக் கேட்டபோது, ஓயாத அலுவல்களால் தம் உள்ளத்தின் வெறுமையை மறைத்து வாழும் எத்தனையோ பேரை நாம் எண்ணிக்கொண்டோம்.

ஒரு கழித்தல் கணக்கு

மருத்துவமனை தொலைவில் இருந்ததால், எடை பார்க்க நம் பங்கிலுள்ள அருள்சகோதரிகளின் மருந்தகத்திற்கே அந்த அம்மா பூனையைக் கொண்டு வந்தார். பூனை எடைக்கருவியில் நிற்குமா? துள்ளிக் குதித்து மேசைக்கடியில் ஒளிந்தது. எனவே சகோதரி ஓர் எளிய வழியைக் கையாண்டார். பூனையை ஏந்தியபடி அம்மாவை நிற்கச் செய்தார்: 41 கிலோ 500 கிராம். பூனையை இறக்கிவிட்டு அவரை மட்டும் நிற்கச் செய்தார்: 38 கிலோ 400 கிராம். கழித்தால் 3 கிலோ 100 கிராம். இரண்டே வாரத்தில் பூனை 200 கிராம் ஏறியிருந்தது. அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி.

சகோதரி மகிழவில்லை. தாளில் எழுதிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே சென்று பழைய சீட்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே கருவியில் அந்த அம்மாவின் எடை 49 கிலோ.

“அம்மா, பூனை தேறிவிட்டது. நீங்கள் எங்கே போனீர்கள்?” என்று சகோதரி கேட்டார்.

தம் உடலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர் இழந்திருந்தார். பிள்ளைகள் வாரந்தோறும் அலைபேசித் திரையில் அவர் முகத்தைக் கண்டு பேசினார்கள். திரையில் முகம் தெரியும், எடை தெரியாது. அண்டை வீட்டார் நாள்தோறும் கண்டார்கள். நாள்தோறும் காண்பவர் கண்ணுக்கு மெல்லத் தேய்வது புலப்படுவதில்லை. பூனைக்கு உரோமம் செய்ததை அவருக்குச் சேலை செய்தது. அவரோ, “வயசாயிடுச்சு சிஸ்டர், இளைக்கத்தானே செய்யும்” என்றார். தம் பூனையைப் பற்றி ஊரார் சொன்னபோது ஏற்க மறுத்த அதே விடையைத் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டார்!

பரிசோதித்ததில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது, இரத்தசோகையும் இருந்தது. மெல்ல விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பூனைக்கு அன்றாடம் மீன் வாங்கி அவித்து முள் நீக்கிக் கொடுத்தவர், தமக்கென்று உலை வைப்பதை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. “ஒருத்திக்காக என்ன சமையல்?” என்பது அவர் கூறிய காரணம். சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. ‘ஒருத்திக்காக’ என்ற சொல்லுக்கு மருந்துக்கடையில் மாத்திரை இல்லை. அதற்குரிய மருந்தை அவர் வாழும் தெருவின் அன்பியம் தந்தது. வாரத்தில் சில நாள்கள் யாரேனும் ஒருவர் அவரோடு அமர்ந்து உண்பதென்று முடிவாயிற்று. ஏழைக்குச் சோறு போடலாமே என்று சொன்ன மருமகள், இப்போது அலைபேசியில் முதலில் கேட்பது, “இந்த மாசம் எத்தனை கிலோ, அத்தை?” என்பதுதான். பூனைக்குச் செலவிட்ட பணம் ஏழைக்குப் போக வேண்டியதென்றார்களே, அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்! பூனையைத் தராசில் ஏற்றியிராவிட்டால் அந்தத் தாயின் எடையை யார் பார்த்திருப்பார்கள்?

அந்தப் பூனை அதன்பின் 14 மாதங்கள் வாழ்ந்தது. மருத்துவர் அஞ்சியவாறே இறுதியில் சிறுநீரகம் தளர்ந்தது. வலியில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். தனக்குப் பழகிய சாக்கின்மீது, பழகிய கையின்கீழ் அது இறந்தது. எந்த மருத்துவமும் முதுமையை ஒழித்துவிடுவதில்லை. ஆயினும், ஆராய்ந்து, செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின் ‘இனி வயதுதான்’ என்று சொல்வது வேறு. ஆராயும் சிரமத்திற்கு அஞ்சி முதலிலேயே அதைச் சொல்லிவிடுவது வேறு. முன்னது பணிவு, பின்னது கைவிடுதல்.

காணும் கண்

நம் விவிலியத்தில் பூனையைத் தேடினால் ஓரிடத்தில் மட்டும் அகப்படும். இணைத்திருமுறை நூல்களுள் ஒன்றான பாரூக்கின் ஆறாம் அதிகாரத்தில், வேற்றினத்தாரின் சிலைகளைப் பற்றிய பகுதி அது. வௌவால்களும் பறவைகளும் அச்சிலைகளின்மேல் வந்து அமர்கின்றன. பூனைகளும் அவ்வாறே அமர்கின்றன. சிலைகளுக்கோ ஒன்றும் தெரிவதில்லை. இறைவாக்கினர் அதனைக் கொண்டே அவை கடவுளர் அல்ல என்று எள்ளி நகையாடுகிறார். உயிருள்ள ஒன்று தன்மேல் வந்து அமர்ந்தும் அறியாதிருப்பதே சிலையின் இலக்கணம். விற்பனைக்கு வந்த சிட்டுக்குருவிகளுள் ஒன்றையும் மறவாதவர் கடவுள் என்று ஆண்டவர் இயேசு கற்பித்தார். சிறியதையும் மறவாமல் காண்பது உயிருள்ள கடவுளின் இயல்பு. கண்ணிருந்தும் காணாதிருப்பது கல்லின் இயல்பு.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், பயன் முடிந்ததும் தூக்கி எறியும் பண்பாட்டைக் கண்டித்தார். அது பொருள்களைக் குப்பையாக்குவதோடு மனிதரையும் ஒதுக்கித் தள்ளுகிறது என்றார். தூக்கி எறிவதற்கு எப்போதும் முரட்டுக் கை வேண்டியதில்லை. ‘வயதாகிவிட்டது’ என்னும் மென்மையான சொல்லே போதும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நாம் பூனையைக் கேலி செய்கிறோம். முதியோர் இருக்கும் வீட்டில் கண்ணை மூடிக்கொள்வது பூனையன்று, நாமே.

நம் கண்களைத் திறந்து வைத்திருக்கப் பெரிய தவம் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாதத்திற்கு ஒருமுறை எடை பார்த்து நாள்காட்டியில் குறித்து வைப்போம். தட்டில் எவ்வளவு பரிமாறினோம் என்பதை விட்டு, எவ்வளவு எஞ்சியது என்பதைப் பார்ப்போம். அவர்கள் தனியே உண்கிறார்களா, யாருடனாவது உண்கிறார்களா என்று கேட்போம். பூனை வளர்ப்போர் அதன் முதுகெலும்பின்மேல் அவ்வப்போது விரலை ஓட்டிப் பார்க்கட்டும்; கண் காணாததைக் கை சொல்லும். தன் வலியைச் சொல்லத் தெரியாத உயிர்கள் உண்டு. சொல்லத் தெரிந்தும் பிறர்க்குத் தொல்லையாகிவிடுவோமோ என்று சொல்லாதிருக்கும் உயிர்களும் உண்டு. இவ்விரு வகையினரையும் இறைவன் நம் வீட்டுக் கூரையின்கீழேயே ஒப்படைத்திருக்கிறார். அவர்களிடம், ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையை அவரிடம் வேண்டுவோம்.